நஞ்சறுப்பான் இலையும் வெற்று மருந்தும்

காட்டாங்குளத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். நஞ்சறுப்பான் இலை ஒவ்வாமை ஆஸ்துமாவைத் தணிக்குமா என்று பார்க்கப் போகிறாய். நல்ல தேர்வு. ஆனால் முன்னுரையின் இரண்டாவது பத்தி எனக்குப் பிடிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வந்த மூலிகைக்குத் தனியாகச் சான்று தேவையில்லை, எலியிலும் அது நிரூபணமாகிவிட்டது, மனிதரிடம் செய்யும் ஆய்வு அதை உறுதிப்படுத்த மட்டுமே என்று எழுதியிருக்கிறாய். உறுதிப்படுத்துவதற்கென்றே செய்வது சோதனையாகாது. மருந்து தோற்பதற்கும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். தோற்கவே முடியாதபடி அமைத்த ஆய்வில் வரும் வெற்றியை உன் தேர்வாளர் ஏற்றுக்கொள்ளலாம், நோயாளியின் நுரையீரல் ஏற்றுக்கொள்ளாது. இப்படி எழுதுகிறவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. மூலிகை ஆய்வுக் கட்டுரைகள் பலவும் இதே பத்தியோடுதான் தொடங்குகின்றன. அந்த எரிச்சலும் சேர்ந்துதான் கடிதம் நீளப் போகிறது. பொறுத்துக்கொள்.

அனுபவம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அனுபவத்தின் கண்ணுக்குச் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும், சில தெரியாது. ஒரு வேரைத் தின்றால் வாந்தி வரும், பேதியாகும், தூக்கம் வரும் என்பதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். நாலு பேர் கண்டு சொன்னாலே நம்பலாம். ஆஸ்துமா அப்படிப்பட்ட நோயில்லை. தானாக ஏறும், தானாக இறங்கும். மார்கழிப் பனியும் போகியன்று விடியற்காலையில் எரிக்கும் பாய், டயர்ப் புகையும் சேர்ந்து ஜி.எஸ்.டி. சாலையை மூடும் நாட்களில் வீசிங் என்று வருகிறவர் கூட்டம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எந்த கிளினிக்கிலும் கூடும். இரண்டு இரவு உட்கார்ந்தே தூங்கிய பிறகுதான் ஒருவர் புது மருந்தைத் தேடிப் போவார். நன்றாக மூச்சு விடுகிற காலத்தில் யாரும் தேடுவதில்லை. ஆகவே மருந்து தொடங்கும் நாள் பெரும்பாலும் நோய் உச்சத்தில் இருக்கும் நாளாகவே அமைகிறது. உச்சத்திலிருந்து போவதற்கு வழி கீழ்நோக்கித்தான். தை பாதியில் புகை கலையும், பனி விலகும், மூச்சு சீராகும். அந்த இரண்டு வாரம் அவர் தூதுவளை ரசம் குடித்திருந்தால் தூதுவளைக்குப் பேர், மாத்திரை போட்டிருந்தால் மாத்திரைக்குப் பேர். சீராகாதவர் திரும்பி வந்து வைத்தியரிடம் முறையிடுவதும் குறைவு, வேறு வைத்தியரைப் பார்க்கப் போய்விடுவார். இப்படி வைத்தியரின் நினைவில் தேறியவர்களே தங்குகிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார். அவர் கண்ணில் படாதவர்களின் கணக்கு நூறாண்டு சேர்த்தாலும் அந்த அனுபவத்தில் ஏறாது.

சென்னையின் சரித்திரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானிக்குத் தலைமை மருத்துவர், 1809-இல் இறந்தார். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்க முயன்ற அதே ஆண்டர்சன்தான். தாவரவியலாளர் ரோக்ஸ்பர்க்கின் இந்தியத் தாவர நூலைப் புரட்டினால் நஞ்சறுப்பானைப் பற்றிய இடத்தில் இவர் பெயர் வரும். பட்டாள முகாமில் ஒருமுறை சீதபேதி பரவியது. கையிருப்பில் இருந்த, வாந்தியைத் தூண்டும் இபிகாக் மருந்து தீர்ந்துபோனது. நாட்டு வைத்தியர்கள் இந்தக் கொடியின் வேரைக் கொடுத்துத் தன்னைவிட நன்றாகக் குணப்படுத்துவதைக் கண்ட ஆண்டர்சன், கூச்சப்படாமல் அவர்களிடமே கற்றுக்கொண்டு அதையே பின்பற்றினார், வேரைக் கட்டுக்கட்டாகச் சென்னைக்கும் அனுப்பினார் என்று ரோக்ஸ்பர்க் எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடும். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர், தன் முறையைவிட அடுத்தவர் முறை பலிக்கிறது என்று கண்டு மாற்றிக்கொள்வது எந்தக் காலத்திலும் அரிது. இதே ஆண்டர்சன்தான் ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் நம் நாட்டு வழக்கத்தையும் கவனித்தார். அவரிடமிருந்து அதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802-இல் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஊமத்தை இனச் செடிகளின் இலையைச் சுருட்டிய ஆஸ்துமா சிகரெட்டுகளை மருந்துக்கடைகள் நூறாண்டுக்கு மேல் விற்றன. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் வாழ்நாள் முழுக்க அந்தப் புகையில்தான் கிடந்தார்.

இப்போது யோசித்துப் பார். ஊமத்தை வேலை செய்ததா? செய்தது. அதில் இருக்கும் அட்ரோப்பீன் வகைப் பொருள்கள் மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. காரணம் உனக்குத் தெரியும். நாட்டு வைத்தியர்கள் காட்டிய திசை சரி. ஆனால் திசையைத் தவிர மற்ற எதையும் அந்தப் புகை சொல்லவில்லை. எத்தனை இழுப்பு போதும், எத்தனையில் பித்தம் தலைக்கேறிப் பிதற்றல் வரும், யாருக்குப் பலிக்கும், யாருக்கு அந்தப் புகையே மூச்சை அடைக்கும் என்ற கேள்விகளுக்கு ஒன்றரை நூற்றாண்டு அனுபவத்தில் விடை கிடைக்கவில்லை. அட்ரோப்பீன் மூலக்கூறை மாற்றியமைத்து, ரத்தத்தில் அதிகம் கலக்காமல் மூச்சுக்குழாயிலேயே தங்கும்படி செய்த இப்ராட்ரோப்பியம் 1970-களில் வந்தபோதுதான், வெற்று மருந்தோடும் மற்ற மருந்தோடும் ஒப்பிட்ட ஆய்வுகளால் அந்த விடைகள் கிடைத்தன. இன்று மூச்சுத் திணறலோடு வரும் குழந்தைக்கு நெபுலைசரில் ஊற்றுகிற டுவோலினில் ஒரு பங்கு இந்த இப்ராட்ரோப்பியம்தான். வேலியோர ஊமத்தைக்கும் அந்த நெபுலைசருக்கும் இடையில் நின்றது சோதனை. இன்னொன்றையும் கவனி. ஊமத்தை இறுக்கத்தைத் தளர்த்துமே தவிர, ஒவ்வாமையால் மூச்சுக்குழாய்ச் சுவரில் உண்டாகும் அழற்சியைத் தணிக்காது. இரைப்புக்கு நல்லது என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கிக் கிடக்கின்றன. நீ ஒவ்வாமை ஆஸ்துமா என்று தலைப்பு வைத்திருக்கிறாய். உன் ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் தலைப்பை மாற்றிவிடு.

இனி உன் செடிக்கு வருகிறேன். அதன் பழைய தாவரவியல் பெயரிலேயே ஆஸ்துமா இருக்கிறது, ஆகவே அந்தப் பயன்பாடு நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். ஆனால் அதை முறையாகச் சோதித்த பெருமை தில்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிலையத்தைச் சேர்ந்த சிவ்புரிக்கும் அவர் குழுவினருக்கும் உரியது. 1969-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 110 நோயாளிகள். தினம் ஓர் இலை, மென்று விழுங்க வேண்டும், ஆறு நாள். மற்ற அணிக்கு மருந்தில்லாத வெற்று மருந்து. கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. முதல் வாரக் கடைசியில் இலை தின்றவர்களில் 62 சதவீதம் பேருக்கு ஓரளவிலிருந்து முழு அளவு வரை நிவாரணம். வெற்று மருந்து அணியில் 28 சதவீதம். உன் திட்டத்தில் 62-ஐ மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். 28 எங்கே போயிற்று? அந்த ஆய்விலேயே விலைமதிப்புள்ள எண் அதுதான். எதுவும் கொடுக்காமலே ஒரு வாரத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் தேறுகிறார்கள் என்று அது சொல்கிறது. மேலே சொன்ன தை மாத நோயாளியின் கதை அதற்குள் இருக்கிறது. இலைக்குச் சேர வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. அதே குழு 1972-இல் இலையின் சாராயச் சாற்றை வைத்து 195 பேரிடம் ஆய்வு செய்தபோது 56-க்கு 32 என்று வந்தது. வெற்று மருந்தின் எண் சற்று ஏறியது, இலையின் எண் சற்று இறங்கியது, இடைவெளி சுருங்கியது. இரண்டு ஆய்விலுமே வாரங்கள் செல்லச் செல்லப் பலன் தேய்ந்துகொண்டு போனது. ஆனாலும் ஆறே நாள் மருந்துக்குப் பிறகு வாரக்கணக்கில் பலன் நீடிப்பது சாதாரண விஷயமில்லை. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் எந்த மருந்தும் அவ்வளவு நாள் நிற்காது. ஒவ்வாமையின் வேரையே இலை தொடுகிறதோ என்ற சந்தேகம் இங்கேதான் பிறந்தது, நீயும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். நஞ்சறுப்பான் இலையை மென்றால் வாய் புண்ணாகும், உப்புச் சுவை தெரியாமல் போகும், குமட்டும், பலருக்கு வாந்தியே வரும். இபிகாக்குக்குப் பதிலாகப் பட்டாளத்தில் கொடுத்த செடியாயிற்றே. மூன்றாம் நாள் காலையில் குழம்பில் உப்பு தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்குத் தனக்குக் கிடைத்தது உண்மையான இலையா வெற்று மருந்தா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறைப்பு அங்கே கிழிந்துவிடுகிறது. கிழிந்த பிறகு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வாங்கும் பதிலில் நம்பிக்கையும் கலந்துவிடும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. கசப்பும் வாய் எரிச்சலும் தரும், ஆனால் மூச்சுக்குழாயைத் தொடாத ஒன்றை வெற்று மருந்தில் சேர்க்கலாம். உறையில் அடைத்துக் கொடுக்கலாம். முடிவில் ஒவ்வொருவரிடமும் எது கிடைத்திருக்கும் என்று ஊகிக்கச் சொல்லி, ஊகம் எத்தனை பேருக்குச் சரியாக இருக்கிறது என்று கணக்கிடலாம். உன் திட்டத்தில் மூன்றும் இல்லை. அடுத்தது, அந்த ஆய்வுகள் அணி மாற்றும் முறையில் நடந்தவை. முதலில் இலை பெற்றவர் பிறகு வெற்று மருந்தும், வெற்று மருந்து பெற்றவர் பிறகு இலையும் பெறுவார். பலன் வாரக்கணக்கில் நீடிக்கும் மருந்துக்கு இந்த முறை பொருந்தாது. முதல் வார இலையின் பலன் அடுத்த கட்டத்தின் வெற்று மருந்துக் கணக்கில் ஏறிவிடும். பலன் நீடிக்கிறது என்ற கூற்று உண்மையாக இருந்தால், அதைக் காட்டப் பயன்பட்ட முறையே பலவீனமாகிறது. நீயும் அதே முறையை அப்படியே எடுத்தாண்டிருக்கிறாய். விட்டுவிடு. இரண்டு அணியையும் கடைசி வரை தனித்தனியாகவே வைத்துக்கொள்.

சிவ்புரியின் ஆய்வோடு கதை முடிந்திருந்தால் உன் முன்னுரைக்குக் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். முடியவில்லை. சென்னையில் பல தலைமுறை டாக்டர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்த கே.வி. திருவேங்கடமும் அவர் குழுவினரும் 1978-இல் இந்த இலையை அன்றைய வழக்கமான ஆஸ்துமா மருந்தோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நம் ஊரிலேயே நடந்த அந்த ஆய்வு உன் பட்டியலில் இல்லாதது எனக்கு வருத்தம். மறு ஆண்டே, 1979-இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் குப்தா குழுவினர் 135 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். இலைக்கும் வெற்று மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. இதையும் நீ சேர்க்கவில்லை. விட்டுப்போனதா, விட்டாயா என்று கேட்க மாட்டேன். ஆனால் சாதகமானதை எடுத்துப் பாதகமானதை விடுகிறவன் எழுதுவது ஆய்வு இல்லை, விளம்பரம். 2000-இல் தோராக்ஸ் இதழில் ஹன்ட்லியும் எர்ன்ஸ்ட்டும் ஆஸ்துமாவுக்கான மூலிகை ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் அணி பிரித்தவை 17 தேறின. அவற்றில் எட்டு இந்திய மருத்துவம் சார்ந்தவை, அந்த எட்டில் ஐந்து நஞ்சறுப்பான். உலகத்திலேயே ஆஸ்துமாவுக்காக அதிகம் சோதிக்கப்பட்ட தனி மூலிகைகளில் நம் வேலிக்கொடியும் ஒன்று என்பதை அங்கே பார்க்கலாம். 17-இல் ஒன்பது ஆய்வுகள் பலன் இருப்பதாகச் சொன்னாலும், ஆய்வுகளின் தரமும் எழுதிய விதமும் போதாது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. ஆக, ஐம்பது ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் நல்ல கேள்வி கேட்டார்கள், நல்ல முறையில் தொடங்கினார்கள், விடை இரண்டாகப் பிரிந்து நின்றபோது பெரிய ஆய்வு ஒன்றால் தீர்க்காமல் விட்டுவிட்டார்கள். நீ எழுத வேண்டிய முன்னுரை அது.

எலியில் நிரூபணமாகிவிட்டது என்ற வரிக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எலிக்கு முன்னால் கினிப்பன்றியை எடுத்துக்கொள். அதன் மூச்சுக்குழாய் ஹிஸ்டமினுக்கு அளவுக்கு மீறிச் சுருங்கும். போவேயும் ஸ்டாபும் 1937-இல் கண்டுபிடித்த எதிர்-ஹிஸ்டமின் மருந்து வகை, சாகவேண்டிய கினிப்பன்றியைக் காப்பாற்றியது. 1957-இல் போவேக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வகை மருந்துகள் தும்மலையும் அரிப்பையும் நிறுத்தின, ஆனால் மனித ஆஸ்துமாவில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. முட்டை வெண்கருப் புரதத்தை ஊசியில் ஏற்றி ஒவ்வாமை உண்டாக்கிய சுண்டெலியும் இப்படித்தான். சுண்டெலிக்கு இயற்கையில் ஆஸ்துமா வருவதே இல்லை, நாம் சில வாரத்தில் உண்டாக்குகிற ஒன்று அது. சிறு வயதிலிருந்து வீட்டுத் தூசிப் பூச்சியோடும் கரப்பானோடும் வாழ்ந்து வீங்கிப்போன மனித மூச்சுக்குழாய்க்கு அது ஈடாகாது. விலங்கு ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து எந்த வழியில் வேலை செய்யக்கூடும் என்று அது கோடு காட்டும், எந்த அளவில் நஞ்சாகும் என்று எச்சரிக்கும். நிரூபணம் என்ற சொல்லை மட்டும் அதன் பக்கத்தில் வைக்காதே. ரோஜர் ஆல்டூன்யன் என்ற டாக்டரைப் பற்றிப் படித்துப் பார். அவரே ஆஸ்துமாக்காரர். எகிப்தில் நெடுங்காலம் பயன்பட்ட கெல்லா என்ற செடியின் கெல்லினிலிருந்து வேதியியலாளர்கள் செய்துகொடுத்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தன்மேலேயே சோதித்து, தனக்கு ஒவ்வாத கினிப்பன்றி முடியின் சாற்றை மூச்சில் இழுத்து, எது தன் மூச்சைக் காக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். விலங்குகளைவிட மனித மூச்சுக்குழாயையே அவர் நம்பினார். 1965-இல் குரோமோகிளைகேட் அப்படித்தான் கிடைத்தது, ஒவ்வாமை எதிர்வினையையே முன்கூட்டித் தடுக்கும் மருந்தாக. அவர் செய்ததை நீ செய்யக் கூடாது, அது உயிருக்கு ஆபத்து, எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. ஆனால் செடியிலிருந்து மருந்துக்குப் போக எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உன் தரப்பு வாதம் ஒன்றையும் நான் அறிவேன். சித்த மருத்துவம் ஆளுக்கு ஆள் மாறும், நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, அனுபானம் மாற்றிக் கொடுப்பது. எல்லோருக்கும் ஒரே உறையில் ஒரே அளவு என்ற மேற்கத்திய அளவுகோல் இதற்குப் பொருந்தாது என்பாய். முதல் பாதி சரி. அப்படியானால் சித்த மருத்துவர் தன் இஷ்டப்படி யாருக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். எந்த நோயாளி அவரிடம் போகிறார், எவர் வழக்கமான சிகிச்சையோடு மட்டும் இருக்கிறார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். மூச்சை அளப்பவருக்கு யார் எந்த அணி என்று தெரிய வேண்டாம். முழு வைத்திய முறையையும் அப்படிச் சோதிக்கலாம். இரண்டாம் பாதி தவறு. தாம்பரம் சானடோரியத்துக்குப் போய்ப் பார். சவுரிமுத்து என்ற டாக்டர் 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது, அதன் அருகிலேயே 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். சானடோரியம் என்பது என்ன? நல்ல காற்று, படுக்கை ஓய்வு, சத்தான சாப்பாடு, மருத்துவமனையில் மாதக்கணக்கில் வாசம். மேற்கத்திய மருத்துவம் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிராய் நம்பிய சிகிச்சை அது. அதற்கும் பல்லாயிரம் பேரின் அனுபவச் சான்று இருந்தது. மருந்துகள் வந்த பிறகும், சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தால்தான் பலிக்கும் என்று நம்பினார்கள். 1956-இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தன. பாதிப்பேர் சானடோரியத்தில், பாதிப்பேர் நெருக்கமான, வசதியில்லாத தங்கள் வீடுகளிலேயே, இருவருக்கும் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள். நல்ல காற்றும் ஓய்வும் மருந்தின் பலனைப் பெரிதாகக் கூட்டவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியானதற்குச் சென்னையின் அந்த ஆய்வும் ஒரு பெரிய காரணம். இந்த அளவுகோல் மேற்கத்திய மருத்துவத்தின் செல்லப்பிள்ளையையே வீழ்த்தியது, வீழ்த்தியதும் நம் ஊரில்தான். அதை அந்நிய அளவுகோல் என்று நீ சொன்னால் உன் ஊரின் சரித்திரம் உனக்குத் தெரியவில்லை என்றே நினைப்பேன்.

மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாய். இன்றைக்கே அடித்துவிடு. வாய்ப்புண்ணையும் வாந்தியையும் மேலே சொன்னேன். நஞ்சறுப்பானின் முக்கிய ஆல்கலாய்டான டைலோபோரின் செல்லுக்குள் புரதம் உருவாவதையே தடுக்கக்கூடியது. புற்றுநோய் ஆய்வாளர்கள் அதன்மேல் கண் வைத்ததற்கு அதுதான் காரணம். அதே குடும்பத்து ஆல்கலாய்டான டைலோகிரெப்ரின், 1960-களில் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, நரம்பு மண்டலத்தைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. ஆறு நாள் ஓர் இலை தின்பதும் அதுவும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் அதன் பலத்துக்குக் காரணமான அதே பொருள்தான் அதன் ஆபத்துக்கும் காரணம். மூலிகைப் பொடி என்று விற்றவற்றில் டெக்ஸாமெதசோன் கலந்திருந்து பிடிபட்ட சம்பவங்களும் நம் நாட்டில் உண்டு. அந்தப் பொடி தின்றவருக்கு மூச்சு உடனே சரியாகும், ஏனென்றால் அது ஸ்டீராய்டு. அவர் தரும் சாட்சியமும் மூலிகையின் அனுபவக் கணக்கில்தான் சேரும். ஆகவே உன் சாற்றை முதலில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பரிசோதித்துச் சான்றிதழ் இணைத்துவிடு.

எண்ணிக்கையிலும் தவறியிருக்கிறாய். அணிக்கு 20 பேர் என்று எங்கிருந்து எடுத்தாய்? 1972 ஆய்வின் 56-க்கு 32 என்ற இடைவெளியை எண்பது சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கவே அணிக்கு 65 பேராவது வேண்டும். உண்மை இடைவெளி அதில் பாதியாக இருந்தால் அணிக்கு 250 பேர். இருபது பேரை வைத்துக்கொண்டு பலன் இருக்கிறது என்றாலும் பொருளில்லை, இல்லை என்றாலும் பொருளில்லை. தனியாகச் செய்ய முடியாது என்பாய், செய்யவும் கூடாது. பொத்தேரியில் உன் கல்லூரி மருத்துவமனை, தாம்பரத்தில் நெஞ்சக மருத்துவமனை, சித்த நிறுவனம், மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து எழுது. நோயாளிகளின் இன்ஹேலர் ஸ்டீராய்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதே. இரு அணியும் அதை எடுத்துக்கொள்ளட்டும், அதன்மேல் இலை கூடுதலாக ஏதாவது செய்கிறதா என்று மட்டும் பார். ஒவ்வாமை உள்ளவர்களை ரத்தப் பரிசோதனையால் தெரிந்து தனியே பிரித்துக்கொள். ஆறு நாளோடு நிறுத்தாமல் ஒரு பனிக்காலம் முழுவதும் தொடர்ந்து அள. காலையும் மாலையும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊதச் சொல்லி, மூன்றில் பெரிய எண்ணை நோட்டில் குறிக்கச் சொல். ஊதும் முன் சால்பியூட்டமால் இழுத்தாரா என்று அதே வரியில் ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டம் இல்லாத நோட்டுகள் பயனற்றுப் போனதை நிறையப் பார்க்கலாம். முதல் நோயாளி சேரும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எதை அளக்கப் போகிறாய் என்று பதிந்துவிடு. பிறகு மாற்ற ஆசை வரும், அந்தப் பதிவு உன்னைத் தடுக்கும்.

தூதுவளை, கண்டங்கத்தரி பற்றியும் கேட்டிருந்தாய். கோவிந்தன் குழுவினர் 1999-இல் ஸ்பைரோமீட்டர் வைத்து இவ்விரண்டையும் டெரிஃபிலின், சால்பியூட்டமாலோடு ஒப்பிட்ட முன்னோடி ஆய்வைப் படி. சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய் விரிகிறதா என்பதே அங்கே கேள்வி. உன் கேள்வி வேறு, ஆகவே இந்தத் திட்டத்தில் அவற்றைக் கலக்காதே.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. உன் கைக்கு வந்திருக்கும் கொடி நஞ்சறுப்பான்தானா என்று தெரிந்துகொள். நாட்டு மருந்துக் கடையில் ஆஸ்துமா இலை என்று கேட்டால் வேறு வேறு செடிகள் வரும். பல நாடுகளில் ஆஸ்துமாச் செடி என்பது நம் அம்மான் பச்சரிசியைத்தான். காய்ந்த இலையை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தாவரவியலாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூத்திருக்கும்போது, முடிந்தால் இரட்டையாகத் தொங்கும் காயும் பட்டிழை ஒட்டிய விதையும் சேர்த்து, ஒரு கிளையை ஒடித்து அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி, பறித்த இடமும் தேதியும் எழுதி, அந்தத் தாளைத் தாவரவியல் துறையில் கொடுத்துப் பெயர் வாங்கு. எண் போட்ட அந்தத் தாளின் நகல் வந்த பிறகு திட்டத்தை மறுபடி அனுப்பு. முன்னுரையின் இரண்டாவது பத்தியை எடுத்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியன்